மீனுக்கு அரைப் பேர் போட்டவர்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றில் மீனுக்கு அரைப் பேர் போட்ட ஒரே மனிதர் பெரட்டுக் கிளாக்கர்தான். இதை மறுத்து யாராவது கடிதம் எழுதினால் ஆதாரத்தோடு எழுதட்டும். என்னிடம் ஆதாரம் இருக்கிறது. அந்த செக்ரோலை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்துக்கு வெளியே வாழ்பவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பெரட்டு என்றால், விடிந்ததும் தொழிலாளர்களை ஓரிடத்தில் நிறுத்தி யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்த்து வேலைக்கு அனுப்புவது. வந்தவர்களின் விபரம் ஏறும் பெரிய புத்தகம் செக்ரோல். வந்து முழு நாள் வேலை செய்தவருக்கு ஒரு பேர். பிந்தி வந்தவருக்கு அரைப் பேர். வராதவருக்குக் கோடு. செத்தோ தோட்டத்தை விட்டோ போய், பெயரே அடியோடு வெட்டப்பட வேண்டியவருக்குச் சிவப்புக் கோடு.

ஹட்டனுக்கும் நோட்டன் பிரிட்ஜுக்கும் நடுவில் இருந்த ஒரு தோட்டத்தில் நம்மவர் பெரிய கிளாக்கர், அதாவது தலைமைக் குமாஸ்தா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மெலிந்த, உயரமான உடம்பு. சட்டைப் பையில் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. ஆள் இல்லாத நாளுக்குப் பேர் போட்டதே இல்லை என்பதுதான் அவருடைய புகழ். ஒருமுறை தோட்டத்தை நடத்திய துரை, தன் நாய்களைக் குளிப்பாட்டும் ஆள் ஊருக்குப் போயிருந்த மூன்று நாளுக்கும் பேர் போடச் சொன்னார்.

"ஆள் இல்லாம பேர் போட எனக்குக் கை வராதுங்க தொரை."

துரை அவரை வலப்பனைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குத் தூக்கியடித்தார். இரண்டு வருஷம் அங்கே இருந்தார். அங்கேயும் கை வரவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் அவரை அறிந்தது தொண்ணூறுகளின் நடுவில். அப்போது நான் ஹட்டனில் ஒரு பத்திரிகையின் நிருபர். மண்சரிவு, பஸ் விபத்து, மாரியம்மன் தேர் என்று மூன்று வகைச் செய்திகள்தான் என் வட்டாரத்தில் கிடைத்தன. நாலாவதாக ஒன்று அகப்பட்டது. தோட்டத்துக் கிளாக்கர் ஒருவர் நாலாயிரம் அடி உயரத்தில் கடல் வைத்திருக்கிறார் என்றார்கள். போய்ப் பார்த்தேன். வைத்திருந்தார்.

கடலின் நீளம் ஐந்தடி. அங்கே முன்பிருந்த துரை ஒருவர் ஆசைக்கு வாங்கி வைத்த கண்ணாடித் தொட்டி அது. அவர் நாட்டை விட்டுப் போனபோது பியானோவை ஏற்றினார், மூன்று நாய்களை ஏற்றினார், தொட்டி மட்டும் லொறியில் ஏறவில்லை. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களோடும், கடல் பிராணிகள் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றோடும் அதைக் கிளாக்கரிடம் விட்டுவிட்டுப் போனார். கிளாக்கர் அதுவரை கடலைப் பார்த்தது ஒரு தடவை. அதுவும் ரயிலில் போகும்போது.

ஆனால் பொறுப்பு என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். தோட்டத்துப் பெரட்டு முடிந்து ஆறரை மணிக்குக் குவாட்டர்ஸுக்கு வருவார். தொட்டிக்கு முன்னால் நிற்பார். பழைய செக்ரோல் புத்தகம் ஒன்றை விரித்து இரண்டு மீன்களுக்கும் பெரட்டு எடுப்பார். ஒன்றாம் நம்பர் வந்து நிற்கும். இரண்டாம் நம்பர் சில நாள் சுணங்கும்.

"இவனுக்கு இன்னைக்கு அரைப் பேர்தான், தம்பி. ஆறு முப்பத்தஞ்சுக்கு வர்றான்."

"மீனுக்கு மணி தெரியுமா ஐயா?"

"ஒன்னாம் நம்பருக்குத் தெரியுதுல்ல?"

அரைப் பேர் வாங்கிய மீனுக்கு அன்று அரைத் தீனி. அடுத்த வாரத்திலிருந்து இரண்டாம் நம்பர் அவர் வருவதற்கு முன்பே வந்து நிற்கத் தொடங்கியது என்பதையும் நான் பதிவு செய்ய வேண்டும்.

கடல் தண்ணீர் கொண்டு வந்தவர் கருவாட்டு நானா. ஹட்டன் கடைத்தெருவில் கருவாட்டுக் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி. கருவாடு ஏற்ற நீர்கொழும்புக்குப் போகும் லொறி, திரும்பும்போது நீல நிறக் கேன்களில் கடலையும் ஏற்றி வரும். "கருவாட்டு லொறியில கடலயும் ஏத்திட்டு வாறன், கிளாக்கரையா. எங்கட உம்மாக்குத் தெரிஞ்சா என்னெ வீட்டுல சேக்க மாட்டா," என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் கொண்டு வருவார்.

ஒருநாள் அவர் தண்ணீரோடு எட்டுக் கற்களையும் கொண்டு வந்தார். மீன் ஏற்றுமதி செய்பவர் ஒருவர் தன் தொட்டிகளை மாற்றியபோது ஒதுக்கிய கடல் பாறைகள். ஈரச் சாக்கில் சுற்றியிருந்தன. மீன்கள் ஒளிந்து விளையாட நல்லது என்றார்.

"உள்ளுக்கு ஏதாச்சும் இருக்குமா நானா?"

"வெறுங் கல்லு ஐயா. ஒண்டும் இல்ல."

மூன்றாம் நாள் காலை எனக்கு ஆள் அனுப்பினார் கிளாக்கர். போனபோது முகம் வெளிறியிருந்தது.

"ரெண்டு பேர் பதிஞ்ச எடத்துல பதினோரு பேர் நிக்கிறாங்க, தம்பி."

உண்மைதான். வெறுங் கல் என்று சொன்ன கல்லின் பொந்துகளிலிருந்து கால்கள் நீண்டிருந்தன. மீசைகள் ஆடின. ஒரு பக்கம் பாக்கு அளவில் ஒரு நண்டு. இன்னொரு பக்கம் ஐந்து கை உள்ள ஒன்று, அந்தக் கைகளாலேயே நடந்தது. எங்கிருந்தோ விரலைச் சொடுக்குவதுபோல் ஒரு சத்தம் வந்தது. சொடுக்கியவர் யார் என்று தெரியவில்லை.

"கல்லுக்குள்ள ஒளிஞ்சு வந்துருக்காங்க. யாரு, என்னா சாதி, என்னா திம்பாங்க, ஒன்னும் தெரியாது. பேர் இல்லாதவங்கள எப்படி வச்சுக்கிறது?"

"எடுத்து வெளியே போட்டுடுங்களேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வந்தவங்கள வெளிய போன்னு சொல்ற ஆளுங்களா தம்பி நாம? பேர எழுதிட்டா முடிஞ்சுது."

அன்றிலிருந்து அவருடைய வாழ்க்கை ஆளறியும் வேலையாக மாறியது. ஒளிந்து வந்தவர்களில் பாதிப் பேர் இருட்டில்தான் வெளியே வருவார்கள் என்று துரையின் புத்தகம் சொன்னது. கிளாக்கரோ ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுகிறவர். வழக்கத்தை மாற்ற மாட்டார். அதனால் நடுப்பகலில் இருட்டைச் செய்தார். தோட்டத்துக் கறுப்புக் கம்பளிகள் இரண்டைத் தொட்டிமேல் போர்த்து, தன் தலையையும் உள்ளே விட்டுக்கொண்டு, டோர்ச் லைட்டில் சிவப்பு டொபி மிட்டாய்த் தாளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கம்பளிக்கு வெளியே தெரிந்தது அவருடைய முதுகும் கால்களும்தான். பெரிய கிளாக்கருக்குச் சளி முற்றிவிட்டது, ஒரு வாரமாக ஆவி பிடிக்கிறார் என்று தொழிலாளர் குடியிருந்த லயங்களில் பேசிக்கொண்டார்கள். மூன்று வீடுகளிலிருந்து கொத்தமல்லி வந்தது.

கல்லிலிருந்து புதிது புதிதாக வெளியே வந்த ஒவ்வொரு பிராணிக்கும் நம்பர், பெயர், அடையாளம், நடத்தை எல்லாம் செக்ரோலில் ஏறின. சொடுக்கியது ஒரு சின்ன இறால். அதற்குச் 'சொடக்கன்' என்று பெயர். நண்டுக்குக் 'கங்காணி' என்று எழுதினார். இது வெளியே கசிந்து, தோட்டத்தில் ஆட்களை மேற்பார்த்து வேலை வாங்கும் உண்மையான கங்காணி ஒருவர் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏங்க கிளாக்கரையா, நண்டுக்கு எங்க பேரா?"

"கோவிக்காதீங்க. இப்புடி உக்காந்து அது வேலையப் பாத்துட்டு, என்னா பேரு வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க."

கங்காணி பத்து நிமிஷம் பார்த்தார். நண்டு அங்குமிங்கும் குறுக்கே நடந்தது. வேலையில் இருந்தவர்களை எல்லாம் ஒரு குத்துக் குத்தியது. தான் ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் ஒரு நத்தை கஷ்டப்பட்டுத் தேடிய தீனியைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டது. கங்காணி எழுந்தார். கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஒபிஸ் பியூன் செய்ததையும் சொல்ல வேண்டும். மழை நாளில் தேயிலைக்குள் போகிற எவருக்கும் அட்டையைத் தெரியும், அதற்கு என்ன வைத்தியம் என்றும் தெரியும். கறுப்பாக, வழவழவென்று ஒன்று தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பியூன் பார்த்தார். அடுப்படிக்கு ஓடினார். இரண்டு கை நிறைய உப்பை அள்ளிக்கொண்டு வந்து மேலிருந்து கொட்டினார்.

"அட்டைங்க ஐயா! இப்பச் சுருண்டு விழுந்துடும் பாருங்க!"

கிளாக்கர் பியூனின் கையைப் பிடித்து இழுத்தார்.

"அடப்பாவி. அது உப்புலயே பொறந்து உப்புலயே வளந்தது. நீ அதுக்கு விருந்துல்ல வச்சிருக்கே."

அன்று பின்னேரம் முழுவதும் அவர் மழைத் தண்ணீரைப் பிடித்து, டம்ளர் டம்ளராக ஊற்றி உப்பை இறக்கினார். அந்தக் கறுப்புப் பிராணி மறுநாள் பெரட்டுக்கு முதல் ஆளாக வந்து நின்றதாக செக்ரோல் சொல்கிறது.

பிறகு மின்வெட்டு வந்தது. கடல் தண்ணீர் இருபத்தைந்து பாகைச் சூட்டில் இருக்க வேண்டும். எங்கள் குளிரில் அதற்கு மின்சாரச் சூடேற்றி வேண்டும். நாட்டுக்கு மின்சாரம் செய்து அனுப்பும் நோட்டன் பிரிட்ஜ் மலைக்கு அந்தப் பக்கம்தான். ஆனால் மலைக்கு இந்தப் பக்கம் கரண்ட் இல்லை. கிளாக்கர் ஒரு வழி கண்டார். போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பி மூடித் தொட்டியில் மிதக்கவிடுவது. வாழ்நாளில் சாராயத்தை முகர்ந்தும் பார்க்காத மனிதர் வீடு வீடாகப் போய் வெற்றுச் சாராயப் போத்தல் கேட்டார். "எத்தன இருந்தாலும் குடுங்க, எனக்கு ஒரு நாளைக்குப் பன்னெண்டு வேணும்" என்று அவர் சொன்னது மட்டும் தோட்டம் முழுக்கப் பரவியது. எதற்கு என்பது பரவவில்லை. கோயில் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்து, மனம் விட்டுப் பேசினால் எதையும் நிறுத்திவிடலாம் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இந்த நிலையில்தான் சயன்ஸ் மாஸ்டர் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் படிப்பித்தார். ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தார். சனிக்கிழமைதோறும் நைலோன் குடையும் தானுமாக முதல் பஸ்ஸில் தோட்டத்துக்கு வருவார். கிளாக்கர் ஒரு பிராணியை அறிய மூன்று வாரம் கம்பளிக்குள் இருப்பார். மாஸ்டருக்கு மூன்று விநாடி போதும். பார்ப்பார், லத்தீனில் ஒரு பெயர் சொல்வார், தேத்தண்ணி கேட்பார். அவர் சொன்ன லத்தீன் பெயர்களில் இரண்டு செடிகளுடையவை என்று பிறகு தெரிந்தது.

"கிளாக்கர் ஐயா, 'தொப்பிக்காரன்' எண்டு எழுதினா விஞ்ஞானம் ஏற்காது."

"விஞ்ஞானம் என் தொட்டிக்குப் பெரட்டு எடுக்க வருதுங்களா மாஸ்டர்?"

"உங்களோட கதைச்சு வெல்லேலாது."

"அப்ப எழுதிக்கவா?"

"எழுதும், எழுதும். என்னத்தையாவது எழுதித் துலையும்."

இரண்டு பேரும் அடுத்த சனிக்கிழமைக்காக அந்த வாரம் முழுக்க வாதங்களைச் சேர்த்துவைப்பார்கள். ஒரு சனிக்கிழமை மாஸ்டருக்குக் காய்ச்சல், வரவில்லை. கிளாக்கர் அன்றைக்குத் தொட்டியில் இருந்த எல்லோருக்கும் அரைப் பேர் போட்டார்.

தொப்பிக்காரன் என்பது பத்தொன்பதாம் நம்பர். கூம்பு வடிவில், பழுப்புப் புள்ளிகளோடு ஒரு சங்கு. ஒரு மழைக்காலச் சனிக்கிழமை, மாஸ்டர் அதைக் கண்ணாடி வழியாக வழக்கமான மூன்று விநாடிக்குப் பதிலாக அரை மணி நேரம் பார்த்தார்.

"உந்தச் சங்கை நான் கையில எடுத்துப் பாக்க வேணும்."

"வேணாங்க மாஸ்டர். பேர் பதிஞ்சவங்க மேல கை வைக்கக் கூடாது."

"விஞ்ஞானத்துக்குக் கை வேணும் ஐயா."

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு கையை விட்டார். சங்கு நழுவிப் பாறைக்குப் பின்னால் விழுந்தது. அவர் துழாவினார். பிடித்தார். உடனே அலறினார். கையை வெளியே இழுத்தபோது சங்கு உள்ளங்கையில் இருந்தது. ஆள்காட்டி விரல் கண்ணெதிரே சிவந்து தடித்தது.

மாஸ்டர் விரலைப் பார்த்தார். சங்கைப் பார்த்தார். முகத்தில் இருந்த இரத்தம் போய்விட்டது.

"தம்பி, அந்தப் புத்தகத்தை எடும். கூம்புச் சங்கு எண்டிருக்கிற பக்கம்."

எடுத்தேன். படத்தில் இருந்ததும் அவர் கையில் இருந்ததும் அண்ணன் தம்பிபோல இருந்தன. கூம்புச் சங்குகள் மீனை வேட்டையாடுபவை, நஞ்சுள்ள ஊசி ஒன்றை எய்பவை, அவற்றில் சிலவற்றின் நஞ்சு சில மணி நேரத்தில் ஆளைக் கொன்றுவிடும், மாற்று மருந்து கிடையாது என்று அந்தப் பக்கம் சொன்னது. நான் இவற்றை மெதுவாக வாசிக்க முயன்றேன்.

மணி ஒன்றரை. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் லீவில் போயிருந்தார். கீழ் ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. மழையில் ஒபிஸ் டெலிபோன் செத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக மேல் ரோட்டால் வரும் கொழுந்து லொறி ஒன்றுதான் வழி. அது வர நாலு மணியாகும். பியூனை மழையோடு மழையாக மேல் மலைக்கு ஓடவிட்டோம், லொறியை முன்கூட்டியே பிடித்துவர.

"அறிகுறியளை வாசியும்," என்றார் மாஸ்டர். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், பரீட்சைக்கு உட்கார்ந்தவரைப்போல.

"முதலில் ஊசி குத்தியதுபோல் வலி."

"ஓம்."

"விரல் மரத்துப் போகும்."

"மரத்துப் போச்சு."

"உதடு மரத்துப் போகும்."

அவர் உதட்டைத் தடவிப் பார்த்தார். "ஓம். உதடும்தான்."

பக்கத்தைப் புரட்டினேன். "உடம்பெல்லாம் அரிப்பெடுக்கும். கழுத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பும்."

மாஸ்டர் கழுத்தைச் சொறிந்தார். பிறகு முதுகைச் சொறிந்தார். அப்போதுதான் பக்கத்தின் தலைப்பைக் கவனித்தேன். உப்பீரத்தில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நான் வாசித்தது ஜெலிமீன்.

"மன்னிக்கணும் மாஸ்டர். இது வேற பக்கம்."

அவர் சொறிவதை நிறுத்தவில்லை. இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அவருடைய நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. குரல் தாழ்ந்துவிட்டது.

"தம்பி, சண்டையால யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடக்கு. ஊருக்கு அறிவிக்கிறது கஷ்டம். கப்பல்ல போற கடிதம் கிடைக்க ஒரு மாசமாகும். அதுக்கு முன்னம் அம்மா பேப்பரைப் பாத்துத்தான் அறிவா. நீர் எழுதேக்க ஒண்டு செய்யும். கடல் சங்கு எண்டு எழுதும். மீன்தொட்டி எண்டு எழுதாதையும். சனம் சிரிக்கும்."

கிளாக்கர் இத்தனை நேரமும் செக்ரோலை மேசையில் விரித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"பத்தொம்பதாம் நம்பர். வந்து நாலு மாசம். ஒரு பெரட்டுத் தவறல. ஒவ்வொரு நாளும் ஒரே வேலதான், கண்ணாடியில பாசி மேஞ்சுக்கிட்டு நிக்கிறது. மீன வேட்டையாடுற ஆளு காலங்காத்தால வந்து பாசி மேய்வானா தம்பி? ஒன்னாம் நம்பரும் ரெண்டாம் நம்பரும் இவன் பக்கத்துலயே நிக்கிறாங்க. ஒரு கீறல் இல்ல. இவன் அவன் இல்ல மாஸ்டர். இவன் வேற."

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். "சரியா எழுதினீரோ?"

"சரியாத்தான் எழுதியிருக்கேன்." அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தார். "தப்பா எழுதியிருந்தா?"

அவர் தன் செக்ரோலைச் சந்தேகித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாவை வெளியே எடுத்து, மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். ஏன் அப்படிச் செய்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அப்போதுதான் அடுப்படியிலிருந்து மாரியாயக்கா வந்தார். கிளாக்கர் வீட்டில் சமைப்பவர். அதற்கு முன் முப்பது வருஷம் அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். பகல் சாப்பாட்டு ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே இருந்தது.

"என்னாங்க இங்க சத்தம்? மாஸ்டரு ஏன் இப்புடி உக்காந்துருக்காரு?"

"நான் செத்துக் கொண்டிருக்கிறன் அக்கா," என்றார் மாஸ்டர் மரியாதையாக.

"வெரலக் காட்டுங்க."

மாக் கையாலேயே அவருடைய மணிக்கட்டைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். விரலை வெளிச்சத்துக்கு நேராகச் சரித்தார். ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார்.

"இதுக்கா இந்தப் பாடு? பூச்சி மயிரு ஏறியிருக்கு."

"என்ன பூச்சி?"

"தேயிலப் பூச்சிதான். கொழுந்தெடுக்கையில எலைக்கு அடியில இருக்கும். தொட்டா மயிரு ஏறிக்கும். நெருப்பாட்டம் எரியும். இந்தா, மினுக்குது பாருங்க."

"கடல்ல ஏது அக்கா தேயிலை?" என்றேன் நான்.

"எனக்குக் கடலத் தெரியாது தம்பி. வெரலத் தெரியும்."

சொல்லிக்கொண்டே ஒரு உருண்டை ரொட்டி மாவை விரலின்மேல் அழுத்தினார். கொஞ்சம் பொறுத்து, தோலை உரிப்பதுபோல் ஒரே இழுப்பாக இழுத்தார். மாஸ்டர் மறுபடி அலறினார். கிளாக்கர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். மாவில், கண்ணாடித் தும்புபோல வெள்ளை மயிர்கள் நட்டமாக நின்றன. கூம்புச் சங்கின் ஊசி ஒன்றுதான் என்று புத்தகம் சொல்லியிருந்தது. இங்கே ஒரு சீப்பே இருந்தது.

கிளாக்கர் செக்ரோலுக்கு ஓடினார். "அம்பத்தொன்னு! கம்பளிக்காரன்!"

பாறைக்குப் பின்னால் குடியிருந்த புழு அது. விரல் நீளம், இரண்டு பக்கமும் வெள்ளை மயிர். மூன்று வாரம் கம்பளிக்குள் இருந்து அவர் கண்டுபிடித்தது. உரக்க வாசித்தார்: "உடம்பு நெடுக மயிர். தொடக் கூடாது என்பது என் எண்ணம்." அடுத்த வரியை வாசிக்காமல் நிறுத்தினார்.

"மிச்சத்தையும் வாசியும்," என்றார் மாஸ்டர்.

"மாஸ்டர் கருத்து: தீங்கற்றது."

பிறகு மாஸ்டர் கழுத்தைச் சொறிவதை நிறுத்தினார். உதட்டைத் தொட்டுப் பார்த்தார். "உதடு பரவாயில்லை," என்றார். மாரியாயக்கா முதலில் சிரித்தார். அதன்பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. கிளாக்கர் சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி துடைத்தார். சிரித்து முடித்து வெகுநேரமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு லொறி வந்தது. எதற்கும் போகட்டும் என்று கொழுந்துச் சாக்குகளின்மேல் மாஸ்டரை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த சிங்கள டொக்டர் விரலைப் பார்த்தார், வெளியே எடுத்தது யார் என்று கேட்டார். மாரியாயக்கா கையைக் காட்டினார். "ஹொந்தாய், ஹொந்தாய்" என்று மெச்சி, ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார். அன்று ரொட்டி சாப்பிட ஆறு மணியாகிவிட்டது. மாஸ்டர் ஒன்பது ரொட்டி சாப்பிட்டார்.

அன்றிரவு அவர் கிளாக்கர் வீட்டிலேயே தங்கினார். நானும் தங்கினேன். காலை ஆறரைக்குக் கிளாக்கர் தொட்டிக்குப் போகவில்லை. நேராக மாஸ்டர் படுத்திருந்த கட்டிலுக்கு முன்னால் செக்ரோலோடு நின்றார்.

"மாஸ்டர், இருக்கீங்களா?"

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "இருக்கிறன் ஐயா."

"அப்பப் பேர் போட்டுக்குறேன்."

ஐம்பத்திரண்டாம் நம்பர். பெயர்: மாஸ்டர். குறிப்பு: கல்லோடு வந்ததல்ல, பஸ்ஸில் வந்தது. சத்தம் போடும். தீங்கற்றது.

தொப்பிக்காரன் வெறும் பாசி தின்னிதான் என்பது சில மாதம் கழித்து, கருவாட்டு நானா நீர்கொழும்பில் மீன்காரர்களிடம் படத்தைக் காட்டி விசாரித்து வந்தபோது உறுதியாயிற்று. "வெறுங் கல்லு எண்டு சொன்ன ஆள்ட பேச்ச நம்பலாமோ?" என்று மாஸ்டர் கேட்டார். ஆனால் அதன் பிறகு அவர் எதையும் மூன்று விநாடியில் சொல்லவில்லை. கம்பளிக்குள் இரண்டு முதுகுகள் தெரியத் தொடங்கின.

யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த வருஷம் மாஸ்டருக்கு ஊரோடு மாற்றம் கிடைத்தது. அம்மாவோடு இருக்கப் போகிறார் என்று எல்லோருக்கும் சந்தோஷம். போகிற அன்று தொட்டிக்கு முன்னால் நின்று தொப்பிக்காரனுக்கு ஒரு புது லத்தீன் பெயர் சொன்னார். கிளாக்கர் எழுதிக்கொள்ளவில்லை. "எழுதும் ஐயா," என்றார் மாஸ்டர். "வந்து சொல்லுங்க, அப்ப எழுதுறேன்," என்றார் கிளாக்கர்.

இரண்டு வருஷம் கழித்துக் கிளாக்கர் ஓய்வு பெற்றார். கந்தப்பளையில் தங்கை வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. கந்தப்பளைக் குளிருக்கு எந்தப் போத்தலும் போதாது. ஆகவே தொட்டியில் இருந்தவர்களை நானாவின் லொறியில் நீர்கொழும்புக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. நல்ல தொட்டி வைத்திருந்த ஒருவர் எல்லோரையும் ஏற்க ஒத்துக்கொண்டிருந்தார். ஆட்களை ஒப்படைக்குமுன் கடைசிப் பெரட்டு எடுக்க வேண்டும் என்றார் கிளாக்கர். தனக்குக் கண் மங்கல், நீங்கள் வாசியுங்கள் என்று செக்ரோலை என் கையில் தந்தார். நான் வாசிக்க, அவர் வாளி வாளியாகப் பார்த்து "இருக்காங்க" என்று சொன்னார்.

"கங்காணி."

"இருக்காரு. பக்கத்து வாளியில கை வைக்கிறாரு."

"தொப்பிக்காரன்."

"இருக்கான்."

"கம்பளிக்காரன்."

"தனி வாளி. மூடி போட்டிருக்கு."

ஐம்பத்திரண்டுக்கு வந்தேன். நிறுத்திவிட்டேன். மாஸ்டர் போன நாளுக்கு அடுத்த கட்டத்தில் முழுப் பேர் இருந்தது. அதற்கடுத்த கட்டத்திலும் இருந்தது. பக்கத்தைப் புரட்டினேன். இந்தத் தடவை தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. மாதம் மாதமாக, ஒரு நாள் விடாமல், நீல மையில் முழுப் பேர்.

"என்னா தம்பி, நிறுத்திட்டீங்க?"

"மாஸ்டர்னு இருக்கு ஐயா."

அவர் ஒரு வாளியின் மூடியைத் தேவையில்லாமல் சரிசெய்தார்.

"அன்னைக்கு அந்த வெரலோட உக்காந்திருந்தப்ப, இந்த ஆளுக்கே சிவப்புக் கோடு விழுந்துருமோன்னு இருந்துச்சு. விழாமப் போச்சுல்ல? அதுக்கப்புறம் கோடு போட எனக்குக் கை வரல, தம்பி. நீங்க வாசிங்க."

"மாஸ்டர்," என்று வாசித்தேன்.

"இருக்காரு," என்றார் பெரட்டுக் கிளாக்கர். செக்ரோலை என்னிடமிருந்து வாங்கி, மங்கல் கண்ணைக் கட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அன்றைய பேரையும் முழுசாகப் போட்டார்.